அந்த உப்பு வேறு உப்பு: 'பின்ச் ஆஃப் சால்ட்' என்ற ஆங்கில வழக்குக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருத்துறைப்பூண்டியில் நான் பேச்சு ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். அங்கே படித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போன ஒரு பையன் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்தான். குரலே சரியில்லை. "சார், உப்புன்னா நன்றிதானே சார்?" என்று கேட்டான்.

நடந்தது இதுதான். லண்டனில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், இவன் குழு செய்துகொடுத்த வேலையில் இருந்த குறைகளைப் பொறுமையாக எழுதி அனுப்பியிருக்கிறார். இவன் பணிவாகப் பதில் போட நினைத்து, 'வீ வில் டேக் யுவர் ஃபீட்பேக் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்று எழுதிவிட்டான். உங்கள் உப்பைத் தின்றவர்கள் நாங்கள், உங்கள் சொல்லைத் தட்டமாட்டோம் என்பது அவன் மனதில் இருந்தது. அந்த மனிதர் படித்ததோ, 'நீங்கள் சொல்வதை நாங்கள் முழுசாக நம்பவில்லை' என்று. மறுநாள் காலையிலேயே மேலாளர் இவனைக் கூப்பிட்டுவிட்டார்.

பையன் வேதாரண்யத்துக்காரன். அப்பாவுக்கு அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை. பாத்தியில் உப்புநீர் விட்டு, அது வெயிலில் காய்ந்து, மேலே ஆடை மாதிரி பூத்து, அப்புறம் பலகையால் வாரிக் கரையில் குவிக்கும் வரை எல்லாம் கூடவே நின்று பார்த்து வளர்ந்தவன். அவனுக்கு உப்பு என்றால் சோறு, மானம், நன்றி. அந்த உப்பு ஆங்கிலத்தில் போய்ச் சந்தேகமாக மாறும் என்று அவன் எப்படி எதிர்பார்ப்பான்? அவனுக்கு அன்று ஒன்றரை மணி நேரம் போனில் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: தமிழ் உப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

இதை முதலில் செய்யாவிட்டால் அடுத்த படிகள் எதுவும் ஒட்டாது. நமக்கு உப்பு மேல் இருக்கும் பாசம் சாதாரணமானதில்லை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்றால் நன்றி. 'உப்புப் போட்டுத்தானே சாப்பிடுற?' என்றால் ரோஷம். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்றால் ருசி, தகுதி. 'உப்புச் சப்பில்லாத பேச்சு' என்றால் அதில் சாரம் இல்லை. புது வீட்டுக்குள் முதலில் எடுத்துக்கொண்டு போவது உப்பும் மஞ்சளும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக நடந்தே வேதாரண்யம் வந்து, அந்த மாதம் 30ஆம் தேதி சட்டத்தை மீறி அள்ளியது இந்த உப்பைத்தான்.

இத்தனையிலும் 'நம்பாதே' என்ற பொருளில் உப்பு ஒரு இடத்திலும் வரவில்லை. அதனால்தான் இந்த ஆங்கில வழக்கை முதல் தடவை கேட்கும் தமிழர் பலரும் அதை நல்ல வார்த்தை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் நான் பொருள் சொல்லாமல் ஊகிக்கச் சொல்லும்போது, 'ருசியாகக் கேட்டுக்கொள்', 'விசுவாசமாக ஏற்றுக்கொள்', 'அளவோடு எடுத்துக்கொள்' என்ற மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும். மூன்றுமே தவறு. மூன்றாவது மட்டும் கிட்டத்தில் வருகிறது.

இரண்டாம் படி: பொருளைச் சரியாகப் பிடியுங்கள்

'டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்றால், ஒரு தகவலைக் கேட்டுக்கொள், ஆனால் அதை முழுசாக நம்பிவிடாதே என்று பொருள். சொன்னவர் பொய்யர் என்றோ, தகவலைக் குப்பையில் போடு என்றோ இதற்கு அர்த்தம் கிடையாது. விஷயத்தில் உண்மை இருக்கிறது, கூடவே மிகையோ ஆசையோ சரிபார்க்காத கணக்கோ கலந்திருக்கிறது, அதைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள் என்பதுதான் இதன் உள்கருத்து.

கழித்தல் என்ற அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நெல் போடுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அறுத்த கையோடு நெல்லை எடை போட்டால் தராசு காட்டுவது நெல் மட்டும் இல்லை, ஈரமும் சேர்ந்துதான். 22 சதவீத ஈரத்தோடு இருக்கும் 100 கிலோ நெல்லை 14 சதவீதம் வரை காயவைத்தால், 91 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். கொள்முதல் நிலையத்தில் கருவி வைத்து ஈரப்பதம் பார்ப்பதும், 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காயவைத்துக் கொண்டுவா என்பதும் இதற்காகத்தான். (மழை பிடித்துக்கொண்ட பருவங்களில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்துவதும் உண்டு.) ஈர நெல்லை யாரும் வாய்க்காலில் கொட்டுவதில்லை. அதே நேரம், ஈரத்தோடு வந்த எடையை வைத்து வரவு எழுதவும் மாட்டோம். ஒரு பேச்சை இப்படி ஈர நெல் மாதிரி கையாள்வதைத்தான் ஆங்கிலக்காரர் 'வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்கிறார்.

இன்னொரு உதாரணம் நம் கதைகளிலேயே இருக்கிறது. ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான். அதைப் பார்த்தவன், காக்கா நிறத்தில் எடுத்தான் என்றான். கேட்டவன், காக்காயையே வாந்தி எடுத்தான் என்றான். ஊர்க்கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் காக்காய் காக்காயாகப் பறந்துவிட்டது. இந்தச் செய்தியை 'வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' கேட்பவர் காக்காயைக் கழித்துவிடுவார். ஆனால் ஒரு மனிதனுக்கு உடம்பு சரியில்லை என்பதை விட்டுவிடமாட்டார், போய்ப் பார்ப்பார். அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். அதை விட்டுவிட்டு, 'நம்பாதே' என்று மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் இந்த வழக்கைத் தப்பான இடத்தில் போடுகிறார்கள்.

மூன்றாம் படி: இது எங்கிருந்து வந்தது

கதை தெரிந்தால் வழக்கு மறக்காது என்பதால் சொல்கிறேன். ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் இருந்தார். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். இயற்கையைப் பற்றி அவர் எழுதிய பெரிய தொகுப்பில் ஒரு விஷமுறிவு மருந்து வருகிறது. பான்டஸ் நாட்டு அரசன் மித்ரிடேட்டஸ் தோற்ற பிறகு, ரோமத் தளபதி பாம்பே அவனுடைய அந்தரங்கக் குறிப்புகளில் இதைக் கண்டெடுத்ததாக எழுதியிருக்கிறார். செய்முறை சின்னது. உலர்ந்த அக்ரூட் கொட்டை (வால்நட்) இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது. நாட்டு மருந்துக் கடையில் சதாப்பு இலை என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான். எல்லாவற்றையும் சேர்த்து இடித்து, ஒரு கல் உப்புப் போட வேண்டும். வெறும் வயிற்றில் இதைச் சாப்பிட்டவரை அன்று முழுக்க எந்த விஷமும் ஒன்றும் செய்யாதாம்.

பிளினி எழுதிய இடத்தில் அந்த உப்பு நிஜமான உப்பு, மருந்தில் ஒரு சரக்கு, அவ்வளவுதான். சந்தேகம் என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது. லத்தீனில் 'கும் கிரானோ சாலிஸ்', அதாவது ஒரு மணி உப்போடு, என்று சொல்லும் பழக்கம் உருவாகி, ஆங்கிலத்துக்கு வந்தது. 1647இல் ஜான் டிராப் என்ற ஆங்கிலேயப் போதகர் எழுதிய விவிலிய விளக்கத்தில் ஆங்கில வடிவம் காணக் கிடைக்கிறது. விழுங்கக் கஷ்டமானதைக் கொஞ்சம் உப்புச் சேர்த்தால் விழுங்கலாம் என்ற எண்ணம் பின்னால் இருக்கிறது என்பது பரவலான விளக்கம். வேப்பம்பூவை உப்புப் போட்டு வறுத்துச் சாப்பிட்டவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும்.

லத்தீனில் இருந்தது ஒரு 'மணி' உப்பு. அமெரிக்கர்கள் இன்றும் 'எ கிரெய்ன் ஆஃப் சால்ட்' என்றே சொல்கிறார்கள். பிரிட்டனில் பின்னால் அது 'பின்ச்', அதாவது ஒரு சிட்டிகை, ஆயிற்று. பொருளில் வித்தியாசம் எதுவும் இல்லை. எதிரில் இருப்பவர் அமெரிக்கர் என்றால் 'கிரெய்ன்', பிரிட்டிஷ்காரரோ நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகையோ என்றால் 'பின்ச்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

நான்காம் படி: வாக்கியத்தில் உட்கார வைப்பது

இங்கே நம்மவர்கள் செய்யும் தவறுகள் நாலைந்துதான், ஆனால் விடாமல் செய்வார்கள். முதலாவது, வினைச்சொல். 'டேக்' தான் வர வேண்டும். தமிழில் 'நம்பு' என்று யோசித்துவிட்டு 'பிலீவ் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்று எழுதுகிறார்கள். அது ஒட்டாது. 'ட்ரீட்' போட்டு எழுதுவது உண்டு என்றாலும் பழகும் வரை 'டேக்' போதும். நடந்து முடிந்ததற்கு 'டுக்', செயப்பாட்டு வினைக்கு 'ஷுட் பி டேக்கன்'.

அப்புறம் 'வித்'. இதற்குப் பதிலாக 'இன்', 'பை' எதுவும் போடாதீர்கள். 'எ'வை விடாதீர்கள், 'தி' என்றும் மாற்றாதீர்கள். 'சம் சால்ட்', 'எ ஸ்பூன் ஆஃப் சால்ட்' என்று சமையல் அளவு போட்டால் கேட்பவர் விழிப்பார். சந்தேகம் அதிகம் என்று காட்ட வேண்டுமானால் 'எ லார்ஜ் பின்ச்' அல்லது 'எ ஹெல்தி பின்ச்' என்று அடைமொழி சேர்க்கலாம், அது இயல்பாகவே வழங்குகிறது.

எதைச் சந்தேகிக்கிறோமோ அது 'டேக்'குக்கும் 'வித்'துக்கும் நடுவில் உட்காரும். 'ஐ டேக் தோஸ் ஃபிகர்ஸ் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்.' 'டேக் வாட் ஹி செஸ் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்.' நடுவில் வருவது பேச்சாக, செய்தியாக, கணக்காக, வதந்தியாக, விமர்சனமாக இருப்பது நல்லது. நேரே மனிதரைப் போட்டு 'டேக் ஹிம் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் என் மாணவர்களை அதைப் பழகவிடுவதில்லை. ஆளைச் சந்தேகிப்பது வேறு, அவர் அன்று சொன்ன ஒரு பேச்சைச் சந்தேகிப்பது வேறு.

ஐந்தாம் படி: எங்கே போடலாம்

இதில் நிறைய நேரம் செலவழியுங்கள். இலக்கணம் ஒரு வாரத்தில் வந்துவிடும், இடம் பார்த்துப் போடுவது அப்படி வராது. நம் ஊர் நிலவரங்களை வைத்தே பழகலாம்.

மேட்டூர் அணை திறப்பு வழக்கமாக ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து அது முன்னே பின்னே போகும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, முறை வைத்து விட்டு, எங்கள் பக்கத்துக் கடைமடைக்கு வர எத்தனை நாள் என்பது ஆற்றின் நிலை, வாய்க்கால் தூர்வாரியது, மேலே எவ்வளவு பேர் மடை திறந்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. ஆனால் டீக்கடையில் அணை திறந்த அன்று சாயங்காலமே ஒருவர் சொல்வார்: "மாப்ள, நாத்தங்காலைத் தயார் பண்ணு, வெள்ளிக்கிழமை முள்ளியாத்துல தண்ணி."

இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. அணை திறந்தாயிற்று, தண்ணீர் வரும். கழிக்க வேண்டியது அந்த வெள்ளிக்கிழமையை. சென்னையில் இருக்கும் தம்பிக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்புவதானால், 'மாமா செஸ் த வாட்டர் வில் ரீச் அஸ் பை ஃப்ரைடே, பட் டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்று எழுதலாம். மாமாவை இதில் யாரும் குறை சொல்லவில்லை. அவருடைய ஆசை நாளைச் சுருக்கிவிட்டது, அவ்வளவுதான்.

விதைக் கடைக்கு வாருங்கள். "அண்ணே, இது ஏக்கருக்கு அம்பது மூட்டை அடிக்கும்" என்கிறார் கடைக்காரர். சில வருஷங்களுக்கு முன் எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு பேச்சை அப்படியே நம்பி, நடவு முடிந்த பிறகுதான் அந்த ரகத்துக்கு எங்கள் மண்ணும் பட்டமும் தோதில்லை என்று தெரிந்துகொண்டோம். அந்த வருஷம் கையில் நின்றது போட்ட முதல்கூட இல்லை. ஐம்பது மூட்டை எங்கோ ஒரு வயலில் விளைந்திருக்கலாம். எந்த மண்ணில், குறுவையிலா சம்பாவிலா, எத்தனை நாள் பயிர் என்று கேட்டிருந்தால் கழிக்க வேண்டியது எவ்வளவு என்று புரிந்திருக்கும். ஆடுதுறை 43 ஏறக்குறைய 110 நாள் பயிர், சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். இரண்டுக்கும் ஒரே வாக்குறுதியை ஒருவர் கொடுத்தால், 'ஐ வுட் டேக் தட் க்ளெய்ம் வித் எ லார்ஜ் பின்ச் ஆஃப் சால்ட்.'

இந்த வழக்குக்கு மிக அழகான இடம் ஒன்று உண்டு. நம் சொந்தப் பேச்சுக்கு நாமே போட்டுக்கொள்வது. 'ஐ ஹேவ் நெவர் ரன் எ ரைஸ் மில், ஸோ டேக் மை அட்வைஸ் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்.' நான் அரிசி ஆலை நடத்தியதில்லை, அதனால் என் யோசனையை முழுசாக நம்பி இறங்கிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. அலுவலகத்தில் உத்தேச மதிப்பீடு தரும்போதும் இது கைகொடுக்கும். நேர்மையான தொனி, யாருக்கும் மனம் நோகாது. எங்கள் வகுப்பில் எல்லோரையும் முதலில் இந்த ஒன்றைத்தான் பேசிப் பழகச் சொல்வேன்.

ஆறாம் படி: எங்கே போடவே கூடாது

எதிரில் இருப்பவரின் முகத்துக்கு நேராக, அவருடைய பேச்சைப் பற்றிப் போடாதீர்கள். வேதாரண்யத்துப் பையன் செய்தது இதைத்தான். மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசும்போது எச்சரிக்கையாக ஒலிப்பது, நேரில் சொன்னால் அவமதிப்பாக ஒலிக்கும். அவன் எழுத வேண்டியிருந்தது, 'வீ வில் டேக் யுவர் ஃபீட்பேக் ஆன் போர்ட்.' அதே 'டேக்'கில்தான் தொடங்குகிறது. முடிகிற இடம் மாறியதும், உங்கள் கருத்தை ஏற்றுக்கொண்டு செயல்படுவோம் என்று ஆகிவிடுகிறது. மறுநாள் அப்படியே திருத்தி, வருத்தமும் தெரிவித்து எழுதினான். அந்த மனிதரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

துக்கச் செய்தி, உடல்நலச் செய்தி, ஒருவர் மனம் திறந்து சொல்லும் கஷ்டம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தாது. அங்கே சந்தேகம் இருந்தாலும் வேறு வார்த்தை தேடுங்கள்.

முழுப் பொய் என்று தெரிந்துவிட்ட விஷயத்துக்கும் போடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது, ரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்று வரும் அழைப்பில் கழித்துவிட்டு எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதற்கு நேராக 'இட்ஸ் எ ஸ்கேம்' என்று சொல்லிவிடுங்கள்.

புயல் எச்சரிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. முந்தைய நாட்களிலேயே வானிலை ஆய்வு மையம் சொல்லிக்கொண்டிருந்தது. 'எப்பவும் சொல்றதுதான்' என்று எங்கள் தெருவில் சிலர் இருந்தார்கள். விடிந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன, ஓடு ஒன்றுகூட இல்லாத வீடுகளை நான் கண்ணால் பார்த்தேன். அதே சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல் பதிவுகளில், இன்னொரு புயல் பின்னாலேயே வருகிறது என்ற பேச்சும் இருந்தது. உப்புப் போட வேண்டியது அந்தக் குரல் பதிவுக்கு. நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுக்கு இல்லை. சொல்வது யார், எதை வைத்துச் சொல்கிறார், நம்பாமல் விட்டால் என்ன போகும் என்று பார்த்துவிட்டுத்தான் இந்த வழக்கைக் கையில் எடுக்க வேண்டும்.

ஏழாம் படி: தமிழில் எப்படிச் சொல்வது

'ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மொழிபெயர்ப்புச் செய்திகளில் இப்போது பார்க்கிறேன். அது வேண்டாம். தமிழில் அந்த உப்புக்கு அந்த வேலை இல்லை. நம்மிடம் ஏற்கெனவே இருப்பது போதும்: 'அவர் சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கணும்', 'அப்படியே எடுத்துக்க முடியாது', 'விசாரிச்சுட்டு நம்பலாம்'. எழுத்தில் 'இந்தக் கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை' என்றால் கச்சிதம். 'தீர விசாரிப்பதே மெய்' என்ற பழமொழி இதைவிடக் கனமானது. வழக்கு, பழி, குடும்பச் சண்டை என்று வந்தால் அது சரி. டீக்கடைப் பேச்சுக்கு 'கழிச்சுக் கேளு' என்பதே போதும்.

ஆங்கிலத்தில் வேறு உப்புகளும் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். 'சால்ட் ஆஃப் தி எர்த்' என்றால் நல்ல, நேர்மையான மனிதர். 'வொர்த் ஹிஸ் சால்ட்' என்றால் வாங்குகிற சம்பளத்துக்குத் தகுதியானவர். இது நம் உப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது, அந்தப் பையனுக்கும் இதுதான் மனதில் கலந்துவிட்டது. 'ரப் சால்ட் இன் தி வூண்ட்' என்பது நம் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது.

கடைசியாக, வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி. கீழே உள்ளவற்றில் எதற்கு இந்த வழக்கைப் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள். பொங்கலுக்கு முன்னாலேயே அறுவடை முடித்துவிடுவேன் என்று சித்தப்பா ஐப்பசியில் சொல்கிறார். ஒரு ஓட்டலைப் பற்றி இணையத்தில் ஒரே நாளில் வந்த ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் முப்பது. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு. உங்கள் மேலாளர் உங்களிடமே சொல்லும் குறை.

முதல் இரண்டுக்கும் போடலாம். சித்தப்பாவிடம் நேரில் சொல்லாமல், வேறு யாரிடமாவது சொல்லுங்கள். மூன்றாவதை அப்படியே நம்பிப் படகைக் கரையேற்றுங்கள். நான்காவதற்கு 'ஆன் போர்ட்'.